பரசுராமர் விழித்துக்கொள்ளும் இடம்

பங்குனி, சித்திரையில் செய்யாறு, ஆரணி, போளூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. இந்த ஊர்கள் இருந்த வட ஆர்க்காடு 1989-இல் இரண்டு மாவட்டமானது, அதில் வேலூர் 2019-இல் மூன்றானது. ஆட்டத்துக்கு மட்டும் ‘வடக்கத்திப் பாணி’ என்ற பேர் அப்படியே நிற்கிறது. கர்ணன் சாகிற கர்ண மோட்சக் கூத்து நடக்கிற ராத்திரி விடிய விடியக் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் ஜனம் கர்ணன் பக்கம்தான். கதைக்குள்ளே இருக்கும் பெரியவர்களில் ஒருவர்கூட அவன் பக்கம் இல்லை. துரோணர், பரசுராமர், பீஷ்மர், கிருபர் என்று ஒவ்வொருவராக அவனை விட்டு விலகுகிறார்கள்.

திறமை இருக்கிற, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அறுத்துக்கொண்டே இருக்கிற ஒரு நாயகனை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் இந்த விலகல்களை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘பையன் தப்புச் செய்தான், குருவுக்குக் கோபம் வந்தது’ என்று எழுதிவிட்டு நகர்கிற கதைகள்தான் அதிகம். கோபம் வந்த குரு இரண்டு நாளில் சமாதானமாகிவிடுவார். நம்பிக்கை போவது வேறு சமாசாரம்.

பரசுராமரிடமிருந்து தொடங்குவோம். இதைவிட நேர்த்தியாகக் கட்டிய காட்சி பாரதத்திலேயே குறைவு.

துரோணரிடம் பிரம்மாஸ்திரம் கேட்டு, இல்லையென்று ஆனபிறகு, கர்ணன் பரசுராமர் இருக்கும் மகேந்திர மலைக்குப் போகிறான். தான் அவருடைய பார்க்கவ குலத்துப் பிராமணன் என்று சொல்லிச் சேர்கிறான். படிப்பு நன்றாகவே நடக்கிறது. நடுவில் ஒரு நாள் கவனமில்லாமல் விட்ட அம்பு ஒரு பிராமணனின் பசுவைக் கொன்றுவிடுகிறது. பசுக்கள், பொன், மணி என்று கர்ணன் எவ்வளவோ தருவதாகச் சொல்லியும் அவன் இறங்கி வரவில்லை. ‘நீ யாரை வெல்லத் துடிக்கிறாயோ அவனோடு பொருதும்போது உன் தேர்ச் சக்கரத்தை மண் விழுங்கட்டும்’ என்று சபிக்கிறான். கர்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆசிரமத்துக்குத் திரும்புகிறான்.

அதன்பிறகுதான் வண்டு. விரதத்தால் களைத்த பரசுராமர் சீடன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக் கூடாதென்று கர்ணன் அசையவில்லை. ரத்தம் வழிந்து குருவின் மேல் படுகிறது. அவர் விழிக்கிறார். ‘இந்த வலியை ஒரு பிராமணன் தாங்க மாட்டானே, நீ யார்?’

கவனியுங்கள். அவனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய கெட்ட குணம் எதுவும் கிடையாது. பொறுமை, குருபக்தி, உடம்பு உரம், அவனிடம் இருந்த உயர்ந்த சரக்கெல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுத்தது. சோம்பேறிச் சீடனாக இருந்திருந்தால் முதல் கடியிலேயே துள்ளி எழுந்திருப்பான், பொய் பிழைத்திருக்கும். நம்பிக்கை உடைகிற காட்சியை எழுதும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்: நாயகனின் எந்தத் திறமை அவன் மறைத்த விஷயத்தை வெளியே இழுக்கும்? குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டான், கடிதம் கீழே விழுந்தது, யாரோ வந்து கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிற வேலை.

அடுத்தது அவன் சொல்கிற சமாதானம். ‘வித்தை தரும் குரு தகப்பனுக்குச் சமம், அதனால் உங்கள் குலத்தையே என் குலமாகச் சொன்னேன்’ என்கிறான். முழுப் பொய்யும் கிடையாது, முழு உண்மையும் கிடையாது. இப்படி ஒரு பதில் வந்துவிட்டால் குருவால் அதற்குமேல் எதையும் நம்ப முடியாது. மடியில் தலை வைத்தபோது அவன் காட்டியது பக்தியா, அதுவும் வேஷமா? பரசுராமர் கோபத்தோடே சிரிக்கிறார் என்று இருக்கிறது. அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு வெறும் கர்ஜனையாக எழுதினால் காட்சி பாதியாகிவிடும்.

தண்டனையின் அளவும் முக்கியம். கற்றது முழுவதும் அழிந்து போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. சமமான எதிரியோடு பொருது சாவு நெருங்குகிற நேரத்தில், தன்னிடம் கற்ற பிரம்மாஸ்திரம் நினைவுக்கு வராது என்கிறார். கூடவே, போரில் உனக்கு நிகரான க்ஷத்திரியன் இருக்க மாட்டான் என்றும் சொல்லி அனுப்புகிறார். சீடனின் கைத்திறமை மேல் குருவுக்கு நம்பிக்கை அப்படியே இருக்கிறது, அவன் வாய்ச்சொல் மேல்தான் போய்விட்டது. இரண்டையும் ஒரே அடியில் உடைத்துவிடுவது புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை. கையும் போய்விட்டால் குருவுக்கு இழப்பு எதுவும் இல்லை, வலிக்காது.

துரோணர் விஷயம் சின்னது. அவர் நம்பி ஏமாந்தவர் இல்லை, ஆரம்பத்திலேயே நம்பாதவர். அர்ச்சுனன் மேல் பட்சம் ஒன்று, கர்ணன் எதற்காகக் கேட்கிறான் என்று தெரிந்தது இன்னொன்று. வெளியே சொன்ன காரணம் மட்டும் குலம். இப்படிப்பட்ட ஆசிரியர் கதையில் ஒருவர் போதும்.

பீஷ்மரிடம் நின்று பார்க்க வேண்டும். உத்தியோக பர்வத்தில் தேர்வீரர்களை ரதர், அதிரதர் என்று தரம் பிரித்துப் படையை எண்ணிக்கொண்டு வருகிறவர் கர்ணனை அரை ரதன், அதாவது பாதி வீரன் என்கிறார். கவச குண்டலம் போய்விட்டது, பரசுராமர் சாபம் இருக்கிறது, வாய்ப் பேச்சு அதிகம். துரோணர் அதை ஆமோதித்து, கர்ணன் இரக்கப்படுகிறவன், கவனம் தவறுகிறவன் என்றும் சேர்க்கிறார். இரக்கம் அங்கே குறையாக எழுதப்படுகிறது! ஊர் முழுக்கக் கும்பிடுகிற தானமே சேனாபதியின் கணக்கில் நஷ்டம்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் நடந்ததும் இருக்கிறது. கந்தர்வர்களிடம் துரியோதனன் மாட்டியபோது கர்ணன் களத்தை விட்டு ஓடினான். விராட நகரத்து மாடுபிடிச் சண்டையிலும் பின்வாங்கினான். இரண்டுக்கும் முன்னால் பெரிய வசனம் பேசியிருந்தான். ஒரு தோல்வி நம்பிக்கையை உடைக்காது, பேச்சுக்கும் நடந்ததற்கும் நடுவே விழும் இடைவெளி இரண்டாவது தடவை அதே அளவில் விழும்போது உடையும். கதையில் இதற்கு இரண்டு சம்பவம் வேண்டும், மூன்றாவது வேண்டாம். மூன்றாவது வந்தால் வாசகர் நாயகனையே கைவிட்டுவிடுவார்.

அரை ரதன் என்ற சொல்லுக்குக் கர்ணன் கொடுத்த பதில், பீஷ்மர் விழும்வரை வில்லைத் தொட மாட்டேன் என்பது. பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாள் அவன் களத்தில் இல்லை. நம்பாத பெரியவர் சொன்னதை நாயகனே மெய்யாக்கிக் காட்டுவது என்றால் இதுதான். பின்னால் கிருபர் கேலி செய்தபோது நாக்கை அறுப்பேன் என்கிறான், அசுவத்தாமன் வாளை உருவிக்கொண்டு வருகிறான். அதே முன்கோபம், இன்னும் மலிவாக. அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரோ, நீ குந்தி மகன் என்று எனக்குத் தெரியும், உன் வேகத்தைக் குறைக்கவே கடுமையாகப் பேசினேன், வில்லில் நீ அர்ச்சுனனுக்கு நிகர் என்கிறார். அதாவது அந்த அவநம்பிக்கையில் ஒரு பங்கு நடிப்பு. இதை நாயகன் தெரிந்துகொள்வது காலம் கடந்தபிறகு.

எல்லாரும் விட்டபிறகும் விடாதவன் துரியோதனன். தன் மனைவியின் முத்து மேகலை கர்ணன் கைபட்டு அறுந்து சிதறியபோது ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்டவன். ஆனால் அவன் வாத்தியார் இல்லை. எதையும் திருத்த வேண்டிய கடமை இல்லாதவனுக்கு நம்புவது சுலபம். கதையில் இப்படி ஒருவனை வைத்தால்தான் குருவின் விலகல் நியாயமாகவும் கொடுமையாகவும் ஒரே சமயத்தில் தெரியும்.

இதை நம்ம ஊர்க் கதையாக இறக்கிப் பார்க்கலாம். கூத்து ஜமா, அதாவது கூத்தாடும் குழு ஒன்று. வாத்தியார், இருபத்தி நாலு வயசுப் பையன். மரக்கட்டை அணிகளைப் பூட்டி ஆடும் கட்டை வேஷத்துக்குப் பிறந்தவன் மாதிரி உடம்பு, கிரீடமும் தோளில் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுழன்றால் கூட்டம் வாய்பிளக்கும். அவனிடம் உள்ள கோளாறு, பாட்டை அந்தந்த ராத்திரி மனசுபோல நீட்டிவிடுவது. அற்புதமாக நீட்டுவான், பின்பாட்டுக்காரர்களுக்கு எங்கே எடுப்பதென்று தெரியாது, விடிவதற்குள் கதை முடியாது. முதல் தடவை வாத்தியார் பெருமையாகச் சிரிக்கலாம். இரண்டாவது தடவை, இனிமேல் நீட்ட மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்த மறுநாள் நடக்க வேண்டும்.

நம்பிக்கை போனதை வாத்தியார் வாயால் சொல்ல விடாதீர்கள். அர்ச்சுனன் தவம் இருக்கும் ‘அர்ச்சுனன் தபசு’ கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விரதம் இருந்து, உயரமான பனைமரத் தபசு மரத்தில் பாட்டுக்கு ஒரு படியாக ஏற வேண்டும். மேலேயிருந்து போடும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். ஆட்டத் திறமை பாதி, சொன்னபடி நடப்பான் என்ற உறுதி பாதி. அந்த வருஷம் வேஷம் பிரிக்கும்போது வாத்தியார் சொல்வது ஒரே வரி: ‘இந்த வாட்டி மரம் நீ ஏற வாணாம்டா.’

‘இன்னா வாத்யாரே, நான் ஏறாத மரமா?’

‘ஏறுவ. அத்த யாரு இல்லன்னாங்க.’

இதற்குமேல் விளக்கம் எழுதினால் கெட்டுவிடும். கர்ண மோட்சத்தன்று அவனுக்கே கர்ணன் வேஷத்தைக் கொடுங்கள், பறிக்க வேண்டாம். அரிதாரம் எப்போதும்போல வாத்தியாரே பூசட்டும். திரைக்குப் பின்னால் அவன் வந்து நின்று பாட்டெடுக்கும்போது, இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டவர் அன்றைக்கு அவன் வாயையே பார்த்துக்கொண்டு தாளம் போடுகிறார்.