அம்மா நடக்கும் ஊர்

ஜனவரி 6, 2024, சனி

கடிதத்தில் இரண்டே ஊர்கள். ஹூஸ்டன் அல்லது பிலடெல்பியா. சிகாகோ அலுவலகம் மார்ச்சோடு மூடப்படுகிறது. 31-ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஹூஸ்டனிலிருந்து அண்ணனின் அழைப்பு. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, இங்கே வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கே தோட்டத்தோடு வீடு, பியர்லேண்டில் மீனாட்சி கோயில். "அம்மாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றான். பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சொட்டு மருந்து விட்ட பிறகு ஐந்து நிமிடம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

அம்மா தனியாகவே டெவன் அவென்யூ போய் முருங்கைக்காய் வாங்கி வந்திருக்கிறாள். நான் வீடு திரும்பும்போது சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 10, புதன்

அவள் எப்படிப் போய் வருகிறாள் என்று இன்று பின்னாலேயே நடந்து பார்த்தேன். பெயர்ப் பலகைகளை அவள் பார்ப்பதே இல்லை. வெஸ்டர்ன் முனையில் நின்று, வண்டிகள் நிற்கும் ஓசை கேட்டுக் கடக்கிறாள். பிறகு ஆர்டீசியன், கேம்ப்பெல், மேப்பிள்வுட், ராக்வெல். உதடு அசைகிறது. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நடைபாதை சரியும் இடத்தைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள். ராக்வெல் தாண்டியதும் கொத்தமல்லிக் கட்டின் வாசனை. அங்கேதான் கடை.

முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த ஊர் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் இடத்தில் வீட்டு எண் பூஜ்யம். அங்கிருந்து 800 எண்ணுக்கு ஒரு மைல். வெஸ்டர்ன் 2400, ஆகவே மேற்கே மூன்று மைல். டெவன் 6400, வடக்கே எட்டு மைல். வந்த முதல் மாதமே நகரம் முழுவதையும் மனத்துக்குள் கட்டம் போட்டு வைத்துக்கொண்டாள். கண் பாதிதான் தெரிகிறது என்றாலும் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் போனதில்லை.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 12, வெள்ளி

நியூயார்க்கை ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். கடிதத்தில் இல்லாத ஊர்தான், இருந்தாலும் யோசித்தேன். ஃப்ளஷிங் கணேசர் கோயில், இரவெல்லாம் ஓடும் ரயில். வாடகையைப் பார்த்தேன். மேலும் அந்த ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் மின்தூக்கி இல்லை.

ஜனவரி 15, திங்கள்

விடுமுறை. வெளியே பூஜ்யம் பாரன்ஹீட்டுக்கும் கீழே. அம்மா சனிக்கிழமையிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. ஏரிக்காற்றுக்கு முகத்தைக் கொடுத்தால் கண்ணில் நீர் நிற்காமல் வழிகிறது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வானொலி கேட்கிறாள். மாலைக்குள் குரலே மாறிவிட்டது. சிகாகோவை நான் புகழ்ந்துகொண்டே இருப்பேன், ஆனால் இந்த வாரத்தைப் போல வருடத்துக்குச் சில வாரங்கள் அது அவளைச் சிறையில்தான் வைக்கிறது.

இன்று மனம் 1995-க்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஜூலை வெயிலில் இதே ஊரில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். பலர் தனியாக, பூட்டிய அறைகளில். எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருக்கும் வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் இரண்டையும் வைத்துப் பார்த்தார். வறுமையும் தனித்து வாழும் முதியோரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வெயிலும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் இறந்தவர்களின் விகிதம் பல மடங்கு அதிகம். தெற்கில் 26-ஆம் தெரு முழுக்கக் கடைகள், ஆட்கள், பேச்சு. வெளியே இறங்கினால் குளிர்ச்சியான ஒரு கடைக்குள் ஒதுங்கலாம், வராத கிழவியை யாராவது தேடுவார்கள். வடக்கில் ஆலைகள் போய், கடைகள் போய், காலி மனைகள். பயந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உள்ளேயே இறந்துபோனார்கள்.

ஒரு தெருவில் கடை திறந்திருக்கிறதா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஊர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் சம்பளம், வீட்டு விலை, பள்ளிக்கூடம், வெயில் நாட்கள் எல்லாம் போடுகிறார்கள். இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

ஹூஸ்டனில் உறைபனி எச்சரிக்கை. பிலடெல்பியாவில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஓர் அங்குலத்துக்கு மேல் பனி. இன்று எந்த ஊரும் நல்ல ஊர் இல்லை.

ஜனவரி 20, சனி, ஹூஸ்டன்

விமான நிலையத்திலிருந்து அண்ணன் வீட்டுக்குக் கேட்டி நெடுஞ்சாலை வழியாகப் போனோம். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வீடு அழகு. அம்மாவுக்குத் தரைத்தளத்திலேயே அறை, அதை ஒட்டிக் குளியலறை, எலுமிச்சை மரம். அண்ணி கறிவேப்பிலையைத் தொட்டியில் அவ்வளவு செழிப்பாக வளர்த்திருக்கிறாள். இவர்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. இதை எழுதிவைத்தே ஆக வேண்டும்.

மாலையில் அம்மாவோடு நடக்கப் போனேன். குடியிருப்புக்குள் நடைபாதை நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கும் போகவில்லை. ஒரே மாதிரி வளைவுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள். அம்மா எண்ணிப் பார்த்தாள், மூன்றாவது வளைவில் கணக்கு விட்டுப்போயிற்று. நுழைவாயிலுக்கு வெளியே ஆறு தடச் சாலை. நடைபாதை அங்கேயே முடிந்து, புல்லும் அதற்கு அப்பால் மழைநீர்க் கால்வாயும். எதிர்ப்பக்கம் கடைகள் தெரிந்தன. கடக்க வழியில்லை. "எல்லாரும் எங்கே?" என்று கேட்டாள் அம்மா.

ஜனவரி 21, ஞாயிறு

மீனாட்சி சன்னதியில் அம்மா அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது. பிரகாரத்தில் ஒருவரிடம், வெள்ளிக்கிழமை இங்கே வர பஸ் உண்டா என்று விசாரித்தாள். "கார் இல்லாமல் எப்படி அம்மா?" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

திரும்பும் வழியில் அண்ணன் டெக்சஸ் மெடிக்கல் சென்டரைச் சுற்றிக் காட்டினான். உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம், அதன் வழியாக 2004 முதல் ஓடும் ரயில். அந்த ரயில் ஓரமாகக் குடியிருந்தால்? அலுவலகம் கேட்டி பக்கம். கணக்கு உதைக்கிறது.

ஹார்வி புயலின்போது தண்ணீர் தெருமுனை வரை வந்து நின்றதை அண்ணன் பெருமையாகச் சொல்கிறான். போன ஆகஸ்டில் 109 டிகிரி பாரன்ஹீட். 2021 பிப்ரவரியில் மின்சாரம் போய் மாநிலமே உறைந்தது. அந்த நாட்களில் அம்மா இந்த வீட்டில் இருந்திருந்தால், யாராவது காரில் வந்து அழைத்துப் போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஜனவரி 23, செவ்வாய்

வரிக் கணக்கு. சிகாகோ இருக்கும் இல்லினாய் 4.95 சதவீதம். பென்சில்வேனியா 3.07, அதன் மேல் பிலடெல்பியா நகரம் ஊதியத்தில் 3.75. டெக்சஸ் பூஜ்யம், ஆனால் சொத்து வரி பிழிந்துவிடும். எனக்கு இரண்டாவது கார் வேண்டாமென்றால் பிலடெல்பியாவின் நஷ்டம் பெரும்பாலும் சரியாகிவிடும். அண்ணன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஜனவரி 24, புதன்

இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

ஜனவரி 27, சனி, பிலடெல்பியா

தனியாக வந்தேன்.

1682-இல் வில்லியம் பென் போடவைத்த கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. டெலவேர் ஆற்றங்கரையில் ஃப்ரண்ட் தெரு, அடுத்து 2, 3, 4 என்று மேற்கே எண்கள். குறுக்கே மரங்களின் பெயர்கள்: செஸ்நட், வால்நட், லோகஸ்ட், ஸ்ப்ரூஸ், பைன். அம்மாவுக்கு ஒரு நாள் போதும்.

34-ஆம் எண் டிராமில் மேற்கு பிலடெல்பியா போனேன். கிளார்க் பூங்காவில் சனிக்கிழமைச் சந்தை, இந்தக் குளிரிலும் கீரையும் ஆப்பிளும் வைத்து விற்கிறார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒரு மூதாட்டி இரண்டு வெங்காயம் வாங்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

இங்கத்திய போக்குவரத்து நிறுவனமான செப்டாவில் 65 வயதானால் பஸ், டிராம், சுரங்க ரயில் எல்லாம் இலவசம். மாநில லாட்டரிப் பணத்தில் நடக்கிறது. இல்லினாய் 2008-இல் எல்லா முதியோருக்கும் இலவசம் என்று தொடங்கி 2011-இல் நிறுத்திவிட்டது. வில்ஸ் கண் மருத்துவமனை வால்நட் தெருவில், 1832-இல் நிறுவப்பட்டது. 43-ஆம் தெருவிலிருந்து அங்கே போக ஒரே பஸ்.

இனி, பிடிக்காதவை. டிராமின் படிகள் செங்குத்து, பழைய வண்டிகள், அம்மாவால் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற முடியும். மரவேர்கள் நடைபாதைச் செங்கற்களைத் தூக்கிவிட்டிருக்கின்றன. இரண்டு இடத்தில் எனக்கே கால் இடறியது. வரிசை வீடுகளின் உள்படிக்கட்டு ஏணிபோல் இருக்கிறது, குளியலறை மாடியில். சில தெருக்கள் தள்ளிப் போனால் பலகை அடித்து மூடிய வீடுகள்.

ஜனவரி 28, ஞாயிறு

அண்ணன் அனுப்பிய செய்தி: பிலடெல்பியாவில் 2021-இல் 562 கொலைகள். நான் பதிலுக்கு 2023-இன் எண்ணை அனுப்பினேன், 410. எண்களை எறிந்து சண்டை போடுகிறோம். அம்மா எந்த எண்ணுக்குள்ளும் இல்லை.

ஜனவரி 29, திங்கள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், செங்கல் உட்பட. கேட்டுக்கொண்டே புளி கரைத்தாள். பிறகு, "இந்தத் தெருவை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இரண்டுமே எனக்கு இஷ்டமில்லை. அதை முதலில் எழுதிக்கொள்" என்றாள்.

எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

தூக்கமில்லை. காலை காபி ஆற்றும்போது அம்மாவே தொடங்கினாள்: "செஸ்நட், வால்நட், அப்புறம் என்ன?"

ஜனவரி 31, புதன்

பிலடெல்பியா என்று எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணன் இரவு வரை பேசவில்லை. பத்து மணிக்கு அண்ணி அழைத்து, கோடையில் அம்மாவை ஒரு மாதமாவது அனுப்பு என்றாள். ஆகஸ்டு வேண்டாம், டிசம்பர் என்றேன். சிரித்துவிட்டாள், நல்லவேளை.

பிப்ரவரி 3, சனி

தரைத்தள வீடுகள் மூன்றே கிடைத்தன. ஒன்று 34-ஆம் எண் டிராம் வழியில், 47-ஆம் தெருவுக்கு அருகில். முன்தாழ்வாரத்துக்கு நான்கு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மறுபக்கமும் போட்டுத் தருவார்களா என்று கேட்டிருக்கிறேன். கடைகள் எத்தனை தெரு தள்ளி என்றும். திங்கள் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது.