டைஜஸ்ட் மடலை டெர்மினலில் தனித்தனி மடல்களாகப் பிரிப்பது

மடற்குழுவுக்கு வந்த பல மடல்களை ஒரே மடலாகக் கட்டி அனுப்புவதுதான் டைஜஸ்ட். படிக்க வசதியானது. ஆனால் ஒரு மடலுக்கு மட்டும் பதில் போடவோ, தேடி எடுக்கவோ, ஆண்டுவாரியாக அடுக்கவோ நினைத்தால் அந்தக் கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன்னால், எந்த வகை டைஜஸ்ட் என்று பாருங்கள். பாதித் தொல்லைகள் இதைப் பார்க்காததால் வருபவை.

வகைகள் இரண்டு. ஒன்று வெற்று உரை டைஜஸ்ட். இதன் வடிவத்தை 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1153 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்தது. முகப்பு முடிந்ததும் 70 ஹைபன் கொண்ட ஒரு வரி வரும். பிறகு ஒவ்வொரு மடலுக்கும் இடையே 30 ஹைபன் கொண்ட வரி, அதற்கு முன்னும் பின்னும் ஒரு காலி வரி. மற்றது மைம் டைஜஸ்ட். மைம் என்பது ஒரு மடலுக்குள் பல பகுதிகளை வைக்கும் முறை. 'மல்டிபார்ட்/டைஜஸ்ட்' என்ற பகுதிக்குள் ஒவ்வொரு மடலும் முழு மடலாகவே உட்கார்ந்திருக்கும். மடலின் மூலத்தைத் திறந்து, உள்ளடக்க வகையைச் சொல்லும் கண்டென்ட்-டைப் வரிகளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்.)

வெற்று உரை வகைக்குப் பழைய, நம்பகமான வழி ஃபார்மெயில். மடல்களை வடிகட்டும் புரோக்மெயில் தொகுப்போடு வருவது.

ஃபார்மெயில் +1 -டிஎஸ் < டைஜஸ்ட் >> பெட்டி

இங்கே 'டைஜஸ்ட்' நீங்கள் சேமித்த கோப்பு, 'பெட்டி' பிரித்த மடல்கள் போய்ச் சேரும் கோப்பு. '+1' முதல் துண்டை, அதாவது முகப்பையும் பொருளடக்கத்தையும், தள்ளிவிடும். 'டி' (டைஜஸ்ட் என்பதன் ஆங்கில முதலெழுத்து) என்பது உள்ளே வருவது கறாரான எம்பாக்ஸ் வடிவில், அதாவது பல மடல்களை ஒரே கோப்பில் அடுக்கும் வடிவில், இல்லாவிட்டாலும் பிரிக்கச் சொல்வது. 'எஸ்' தான் பிரிப்பது. அது எப்போதும் கடைசி ஆப்ஷனாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் வருவதை இயக்க வேண்டிய நிரலாக ஃபார்மெயில் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் புரோக்மெயில் என்று போட்டால் ஒவ்வொரு மடலும் உங்கள் வடிகட்டி விதிகள் வழியாகவே போய்ச் சேரும். தனித்தனிக் கோப்பாக வேண்டுமென்றால் அங்கே ஒரு ஷெல் வரியைக் கொடுத்து, கோப்புப் பெயரில் 'ஃபைல்நோ' என்ற சூழல் மாறியைச் சேருங்கள். அதன் பெயர் மட்டும் பெரிய எழுத்தில். மடலின் வரிசை எண் அதில் இருக்கும். முன்கூட்டியே 0000 என்று வைத்துவிட்டால் எண்கள் நான்கு இலக்கமாக வரும், கோப்புகளும் ஒழுங்காக அடுக்கப்படும்.

ஃபார்மெயில் ஹைபன் வரியை நம்பிப் பிரிப்பதில்லை. காலி வரிக்குப் பின் ஹெடர் (மடலின் தலையில் வரும் ஃப்ரம், சப்ஜெக்ட் போன்ற வரிகள்) போன்ற வரிகள் அடுத்தடுத்து வந்தால் புது மடல் என்று முடிவுசெய்கிறது. இயல்பாக இரண்டு வரி போதும். யாராவது வேறொரு மடலை மேற்கோள் குறியில்லாமல் அப்படியே ஒட்டியிருந்தால், அதன் ஃப்ரம், சப்ஜெக்ட் வரிகளைக் கண்டு நடுவிலேயே வெட்டிவிடும். '-எம்' ஆப்ஷனால் இந்த எண்ணிக்கையை 3, 4 என்று ஏற்றலாம். ரொம்ப ஏற்றினால் ஹெடர் குறைவான மடல் முந்தையதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் எண்ணிச் சரிபாருங்கள்: மடற்குழுக்களை நடத்தும் நிரலான மெயில்மேன் 2.1-இன் டைஜஸ்டில் ஒவ்வொரு மடலும் 'மெசேஜ்: 1' என்பது போன்ற எண் வரியோடு தொடங்கும். அந்த வரிகளை, பொருந்தும் வரிகளை எண்ணிச் சொல்லும் கிரெப் -சி கட்டளை கொண்டு எண்ணி, பெட்டியில் 'ஃப்ரம்' என்று தொடங்கி இடைவெளி விடும் வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் போதும்.

பல வருடத்து மெயில்மேன் டைஜஸ்டுகளை மொத்தமாகப் பிரிப்பதாக இருந்தால் ஃபார்மெயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹைபன் வரி (முதல் மடலுக்கு முன் 70, மற்றவற்றுக்கு முன் 30), காலி வரி, உடனே மெசேஜ் எண் வரி: இந்த மூன்றும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும் பத்துப் பதினைந்து வரி பைதான் நிரல் அதைவிடத் திடமானது. வெறும் ஹைபன் வரியை மட்டும் பார்த்து, கோப்பைத் துண்டாக்கும் சிஸ்ப்ளிட் கட்டளையில் வெட்டுவது ஆபத்து. உடலுக்குள் யாரோ போட்ட கோடும் பொருந்திவிடும். அதோடு, துண்டு காலி வரியில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் ஹெடர் முடிந்துவிட்டது என்று மடல் நிரல் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் உடலாகக் காட்டும்.

டைஜஸ்டின் உடல், எழுத்துகளை நேராகப் படிக்க முடியாத கோவையாக மாற்றும் பேஸ்64 குறியாக்கத்தில் இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. ஒரு ஹெடரும் கண்ணில் படாததால், ஒரு மடலும் வெளியே வராது. யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துக்குறியாக்கம்) டைஜஸ்டில் இது அடிக்கடி நடப்பது. வெளி ஹெடரையும் காலி வரியையும் அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் அவிழ்த்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

மைம் வகைக்கு நேராகப் பைதானுக்குப் போங்கள். ஈமெயில் தொகுப்பால் கோப்பை பைட்டுகளாகவே படித்து, மல்டிபார்ட்/டைஜஸ்ட் பகுதியைக் கண்டுபிடித்து, அதன் நேரடிப் பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் மடலை மெயில்பாக்ஸ் தொகுப்பின் மெயில்டிர் வகையில் (ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பாக இருக்கும் அடைவு) சேர்த்தால் முடிந்தது. 'வாக்' என்ற செயல்கூறால் முழு மரத்தையும் சுற்றாதீர்கள். ஒரு மடலுக்குள் இணைப்பாக வந்த இன்னொரு மடலும் தனி மடலாகிவிடும். பகுதிக்கு கண்டென்ட்-டைப் இல்லையே என்றும் திகைக்க வேண்டாம். 1996-இன் ஆர்எஃப்சி 2046-படி, இந்த வகைக்குள் வருவது இயல்பாகவே முழு மடல்தான்.

இரண்டில் எது கிடைக்கும் என்ற தேர்வு உங்கள் கையில் இருந்தால், உறுப்பினர் அமைப்பில் மைம் என்றே வையுங்கள். வெற்று உரை டைஜஸ்டில் ரெஃபரன்சஸ், இன்-ரிப்ளை-டு ஹெடர்கள் நீக்கப்படுகின்றன. எந்த மடல் எதற்குப் பதில் என்ற சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். மட் போன்ற டெர்மினல் மடல் நிரல் தலைப்பை வைத்து ஊகித்துச் சேர்க்கும், அவ்வளவுதான். இணைப்புகளும் கழற்றப்பட்டு, சுட்டி மட்டும் இருக்கும். தமிழ் மடல்களுக்கு இன்னும் மோசம். குழுவின் மொழி ஆங்கிலம் என்று அமைத்து எழுத்துக்குறியாக்கம் ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆஸ்கியாக இருந்தால், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகி வரும். அனுப்பும்போதே தொலைந்த எழுத்தை எந்தக் கருவியும் மீட்காது. குழுவின் காப்பகத்தில்தான் மூலத்தைத் தேட வேண்டும்.

தனி மடலாகவும் டைஜஸ்டாகவும் இரண்டு வழியில் வந்தவற்றைச் சேர்க்கும்போது ஃபார்மெயிலின் பெரிய எழுத்து '-டி' உதவும். அதற்கு ஓர் அளவும் ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால், ஒவ்வொரு மடலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியை நினைவில் வைத்து, திரும்ப வரும் மடலை வெளியே விடாது. அளவு பைட்டில். 8192 என்று வைத்தால் சில நூறு ஐடிகளுக்குள் நிரம்பி, பழையவை அழிந்துவிடும். பெரிய காப்பகத்துக்குச் சில மெகாபைட் கொடுங்கள்.