மார்க் கிடக்கட்டும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சேத்தம் கவுண்டியின் சார்ட்டர் பள்ளிகளை (தனி அமைப்புகள் நடத்தும் பொதுப் பள்ளிகள்) வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரையை எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மதுரை அக்கா கேட்டார்:

"மார்க் கிடக்கட்டும்பா. பஸ் வருமா? சாப்பாடு போடுவாங்களா?"

பள்ளிக்குப் பள்ளி ஏ, பி, சி என்று மாநில அரசு தரும் கிரேடு இருந்தது. அந்த இரண்டையும் காணோம்.

வட கரோலினாவில் சார்ட்டர் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை. கட்டணம் கிடையாது, இடம் போதாவிட்டால் குலுக்கல். ஆனால் பேருந்து விடுவதும் மதிய உணவு தருவதும் சட்டப்படி கட்டாயமில்லை.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்: இதே கவுண்டியில், சைலர் சிட்டி ஊரைத் தாண்டி கோழிப் பண்ணைகளுக்கு நடுவே வீடு. இருப்பது ஒரே கார், அதுவும் விடியுமுன் ஷிப்டுக்குப் போய்விடும். அவர்களுக்குக் குலுக்கலில் பெயர் வந்துதான் என்ன?

கிரேடில் 80 சதவீதம் தேர்வு மதிப்பெண், 20 சதவீதம்தான் பிள்ளைகளின் முன்னேற்றம். கொண்டுபோய் விட ஆளும் வண்டியும் உள்ள வீடுகளே அதிகம் சேர்ந்தால், அந்த ஏ யார் வாங்கியது?