பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டில் பழைய பவுடர்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிவருகிறவர்களிடம் பனியைப் பற்றி எச்சரிக்க ஆள் உண்டு. துப்பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாங்கள் அதன் தலைநகர் பாய்சிக்கு வந்தது சிப் தொழிற்சாலை வேலைக்காக. முதல் அக்டோபரிலேயே பார்த்தோம், அலுவலகத்தில் ஆள் குறைந்துவிட்டது. எல்லோரும் மான், எல்க் வேட்டைக்கு விடுப்பு. திரும்பி வந்ததும் காபி மெஷின் பக்கத்தில் நின்று எந்தத் துப்பாக்கி, எத்தனை கிரெய்ன் எடையுள்ள குண்டு என்று பேசினார்கள். நம் ஊரில் நான் கிட்டத்தில் பார்த்த துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கியதுதான்.

ஆனால் வெடிமருந்து எனக்குப் புதிதில்லை. சொந்த ஊர் சிவகாசி, அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன், நான் படித்தது வேதியியல். இந்த மூன்றும் தெரிந்துபோனதால்தான் பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தேடி வந்தார்.

அந்தக் கதைக்கு முன்னால், புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. முழுத் தோட்டாவுக்கு மட்டும்தான் தடை என்று நினைக்க வேண்டாம். வெறும் பித்தளைக் கூடு, பொறி தந்து பற்றவைக்கும் பிரைமர், குண்டு, உள்ளே போடும் வெடிமருந்தான பவுடர் எல்லாமே அந்தச் சட்டத்தில் ஒரே கணக்கு. வாடகை வீட்டு கராஜில் முன்பு இருந்தவர் விட்டுப்போன பவுடர் டின் கண்ணில் பட்டால், கிடக்கட்டும் என்று விட்டுவிடாமல் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை கிடையாது. நல்லவேளையாக எங்களுக்கு அது வந்த பிறகுதான் அந்த அம்மா கதவைத் தட்டினார்.

அவர் கணவர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. மனிதர் வாழ்நாள் முழுக்கத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பியவர். இங்கே ரீலோடிங் என்பார்கள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் புது பிரைமர் பொருத்தி, பவுடரை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தி மூடுவது. அதற்கென்று கைப்பிடி வைத்த பிரஸ், சின்னத் தராசு, அச்சுகள் எல்லாம் பேஸ்மென்ட் மேசையில் அப்படியே இருந்தன. அளவு கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். பெரிய வேட்டைத் தோட்டாவுக்கே ஐம்பது, அறுபது கிரெய்ன் பவுடர்தான் போகும். ஒரு கிரெய்ன் கூடினால் அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாத வேலை இது.

"பேரன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். இது இன்னும் நல்லதா என்று பார்த்துச் சொல்" என்றார் அந்த அம்மா. பேரனுக்கு இருபது சொச்சம் வயது. கொரோனா காலத்தில் பிரைமரும் பவுடரும் கடையில் கிடைக்காமல் அலைந்தவன். அவன் கண்ணுக்கு அந்த அலமாரி பொக்கிஷமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அலமாரியில் இருந்தவை ஒரு வயதுடையவை அல்ல. டூபான்ட் பெயர் போட்ட ஐஎம்ஆர் 4350 ரகப் பவுடர் டின் ஒன்று பிரிக்காமலே இருந்தது. டூபான்ட் தன் பவுடர் தொழிலை 1986-இல் விற்றுவிட்டது, ஆகவே டின் அதற்கு முந்தியது. ஹெர்குலிஸ் கம்பெனி பெயரில் யுனிக், ரெட் டாட் என்ற பவுடர்களின் டின்கள். அந்தப் பெயர் 1995-இல் அலையன்ட் ஆகிவிட்டது. டின்னில் தேதி தேட வேண்டிய அவசியமே இல்லாமல் கம்பெனிப் பெயரே வயதைச் சொல்லிவிடும். கடைசியாக, மேசை ஓரம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடி. மேலே ஒட்டிய டேப்பில் பேனாவால் '4831' என்று மட்டும் எழுதியிருந்தது.

பேரன் டின்களைப் பார்த்து முகம் சுளித்தான், ஜாடியைப் பார்த்து உற்சாகமானான், ஏனென்றால் அதில்தான் நிறைய இருந்தது. எனக்கு நேர் எதிர்.

காரணம் இதுதான். தோட்டாவில் போடும் புகையற்ற பவுடர் என்பது நைட்ரோசெல்லுலோஸ். 1884-இல் பிரான்சில் பால் வியேய் செய்த சரக்கின் வாரிசு. ஐஎம்ஆர் வகையில் அடிப்படை அது ஒன்றுதான். யுனிக், ரெட் டாட் போன்றவற்றில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். இந்தச் சரக்கு செய்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவரும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்த வாயுவைப் பிடித்து வைக்கத்தான் டைஃபினைல்அமைன் போன்ற நிலைப்படுத்தியைச் சுமார் ஒரு சதவீதம் கலக்கிறார்கள். அது தீரும்வரை பவுடருக்கு ஒன்றும் ஆகாது. தீர்ந்த பிறகு நாள் எண்ண வேண்டியதுதான். ராணுவக் கிடங்குகளில் இந்த நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று அவ்வப்போது அளந்து, 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் அழித்துவிடுவார்கள்.

வீட்டில் அந்தப் பரிசோதனை நடக்காது. வருடத்தை வைத்துக் கணக்குப் போடவும் முடியாது, ஏனென்றால் நிலைப்படுத்தியைத் தின்பது வெப்பம். பாய்சியில் கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மூடிய கராஜும் கூரையடிப் பரணும் அதைவிடக் கொதிக்கும். பேஸ்மென்ட் வருடம் முழுக்கக் குளுகுளு. குளிர்ந்த பேஸ்மென்ட்டில் நாற்பது வருடம் இருந்த டின் நன்றாக இருக்கும், பரணில் சில கோடைகள் கண்டது கெட்டுப்போயிருக்கும்.

கண்ணாலும் மூக்காலும் பார்க்க முடிந்தது இவ்வளவு. மூடியைத் திறந்து, டின்னுக்குள் மூக்கை நுழைக்காமல் கையால் காற்றை விசிறி முகர வேண்டும். நல்ல பவுடரில் ஈதர், ஆல்கஹால் கலந்த கரைப்பான் வாசம் வரும், பெயின்ட் கடை வாசலில் நிற்பது போல. கெட்டதில் மூக்கைக் குத்தும் அமில நெடி. பிறகு ஒரு கரண்டி பவுடரை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்க வேண்டும். செம்பழுப்புத் தூசு பறந்தாலோ, மணிகள் ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். மூடியின் உட்பக்கத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் துரு தரை ஈரத்தால் வரலாம், உள்ளே இருப்பது அமிலத்தின் வேலை. டின் தொட்டால் கதகதவென்று இருந்தாலோ புகை தெரிந்தாலோ அங்கே சோதனை எல்லாம் கூடாது. வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும்.

ரெட் டாட் டின்னைத் திறந்ததும் பேரன் "சிவப்பு!" என்று பின்வாங்கினான். பயப்பட ஒன்றுமில்லை. அடையாளத்துக்காக அதில் சில செதில்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள், பெயரே அதனால் வந்ததுதான். ஆனால் யுனிக் டின்னின் மூடிக்குள் விரலால் தொட்டால் ஒட்டும் அளவுக்குத் துரு, நெடியும் இருந்தது. அது போக வேண்டியதுதான் என்று தனியாக எடுத்து வைத்தேன்.

இதைக் கேட்டு யாராவது மிகை என்று நினைத்தால், பிரெஞ்சுக் கடற்படையின் கதை இருக்கிறது. துலோன் துறைமுகத்தில் 1907-இல் ஈயனா என்ற போர்க்கப்பலும், 1911-இல் லிபர்ட்டே என்ற போர்க்கப்பலும் நின்ற இடத்திலேயே வெடித்தன. இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான மாலுமிகள் செத்தார்கள். எதிரி யாருமில்லை. வியேய் செய்த அந்தச் சரக்கான 'பவுடர் பி' சிதைந்துபோனதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஒரு பவுண்டு டின்னும் கப்பல் கிடங்கும் ஒன்றாகாதுதான். ஆனால் வேதியியல் ஒன்றுதான்.

அன்று இரவு அப்பாவைக் கூப்பிட்டேன். எழுபது வயதிலும் மருந்து என்றால் குரல் மாறிவிடும் மனிதர். "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை? சந்தேகம்னா தண்ணியில போடு, முடிஞ்சது" என்றார். பட்டாசு ஆலையில் மீந்த கலவையை இரவு வைக்க விடமாட்டார்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்பதை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவின் எச்சரிக்கை சரி, வைத்தியம் இங்கே பொருந்தாது. பட்டாசில் போடும் கரிமருந்தில் இருக்கும் வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும், அத்தோடு கதை முடிந்தது. நைட்ரோசெல்லுலோஸ் கரையாது. நனைந்திருக்கும்வரை சாது, காய்ந்தால் பழைய குணம் திரும்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், கரிமருந்தைக் காய்ந்த இடத்தில் வைத்தால் அது இப்படித் தானாகச் சிதையாது. ஆனால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். புகையற்ற பவுடர் திறந்த வெளியில் வெறுமனே எரியும், அடைத்து வைத்தால்தான் வெடிக்கும். அதனால்தான் இதை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது பாதுகாப்பு அல்ல. அமெரிக்கத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைக்கச் சொல்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும்.

இப்போது ஜாடி. முகர்ந்தேன், வாசம் மோசமில்லை. தூசும் பறக்கவில்லை. அதனால்தான் பேரனோடு வாக்குவாதம் நீண்டது. 4831 என்ற எண்ணில் இரண்டு பவுடர்கள் உண்டு. ஒன்று ஹாட்ஜன் கம்பெனி விற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த பவுடரை வாங்கி விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜன் இந்தத் தொழிலையே தொடங்கினார். இன்னொன்று பின்னால் வந்த ஐஎம்ஆர் 4831. பின்னது வேகமாக எரிவது. முன்னதற்கு எழுதிய அளவில் பின்னதைப் போட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். தாத்தா எதை நினைத்து அந்த எண்ணை எழுதினார் என்று சொல்ல அவர் இல்லை. போருக்குச் செய்த சரக்காகவே இருந்தால் வயது எழுபதுக்கு மேல். அதற்கு மேல், ஜன்னல் வெளிச்சத்தில் இத்தனை காலம். இன்னும் மோசமான வாய்ப்பும் உண்டு. பழைய ஜாடியில் வேறு எதையாவது ஊற்றிவிட்டு டேப்பை மாற்ற மறந்திருக்கலாம். கைத்துப்பாக்கிக்கான வேகப் பவுடரை ரைஃபிள் அளவுக்கு நிரப்பிச் சுட்டால் துப்பாக்கியே பிளக்கும், அதைப் பிடித்திருப்பவன் முகம் சில அங்குலம் பின்னால்.

"கொஞ்சமாகப் போட்டுச் சுட்டுப் பார்க்கலாமே" என்றான். என் கணவரும் அவன் பக்கம் சாய்ந்தார். பருப்பு டப்பாவில் வண்டு வந்தாலும் சலித்து வைக்கும் வம்சம் நாங்கள், கொட்டுவதற்குக் கை வராது. அப்போது கடையில் ஒரு பவுண்டு பவுடர் நாற்பது, ஐம்பது டாலர். அதைக் காப்பாற்ற ஆயிரம் டாலர் துப்பாக்கியையும் ஒரு ஜோடிக் கண்ணையும் பந்தயம் வைப்பது என்ன கணக்கு என்று கேட்டேன். அந்த அம்மாதான் தீர்த்து வைத்தார். "அவர் இருந்திருந்தால் திட்டியிருப்பார்" என்றார், யாரை என்று சொல்லவில்லை.

பிரிக்காத 4350 டின்னைப் பேரன் எடுத்துக்கொண்டான். உள்ளூர் கிளப்பில் பல வருடமாக ரீலோடிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் முன்னிலையில் திறந்து பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. பவுடர் நன்றாக இருந்தாலும் பழைய அளவை அப்படியே பிடிக்கக் கூடாது, புத்தகத்தில் உள்ள தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏற வேண்டும் என்றார் அவர். வேகமானியில் குண்டின் வேகம் தாறுமாறாக இல்லை என்று பார்த்த பிறகுதான் மேலே போனார்கள்.

மீதியை அழிப்பது தனி வேலை. குப்பையில் போடக் கூடாது, கழிவறையில் ஊற்றக் கூடாது. அபாயக் கழிவு சேகரிக்கும் முகாம்கள் பலவற்றில் வெடிபொருளை வாங்க மாட்டார்கள். புல்தரையில் தூவினால் உரம் என்று இங்கே பலர் சத்தியம் செய்வார்கள். நைட்ரஜன் இருப்பது உண்மை, ஆனால் தண்ணீரில் கரையாத பொருளிலிருந்து புல்லுக்கு என்ன போய்ச் சேரும் என்று எனக்குச் சந்தேகம்தான். துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர் சங்கம் பல காலமாகச் சொல்லிவரும் வழி, ஆளில்லாத வெட்டவெளியில், ஓர் அங்குலத்துக்கு மேல் உயரம் இல்லாமல் மெல்லப் பரப்பி எரிப்பது. ஐடஹோவில் மே 10 முதல் அக்டோபர் 20 வரை நகருக்கு வெளியே திறந்த வெளியில் எரிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே போய்விடும் நாடு இது. எனவே நவம்பர் வரை காத்திருந்தோம். எமெட் பக்கம் அந்த அம்மாவின் தம்பி பண்ணையில், முன்கூட்டியே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, வெறும் மண்ணில் பரப்பினோம். காற்று வரும் பக்கம் நின்று நீளமான காகிதத் திரியால் பற்றவைத்தான் பேரன். சத்தமே இல்லை. மஞ்சள் தீ சர்ரென்று ஓடி முடிந்துவிட்டது. வீடியோவில் பார்த்த அப்பா "இவ்வளவுதானா?" என்றார், ஏமாற்றத்தோடு.

தாத்தா நிரப்பி வைத்த தோட்டாக்கள் நான்கைந்து பெட்டி இருக்கின்றன. சிலவற்றில் கூடும் குண்டும் சேருமிடத்தில் பச்சை பூத்திருக்கிறது. அடுத்தவர் நிரப்பியதைச் சுடக் கூடாது, குண்டைப் பிடுங்கிப் பவுடரைக் கொட்டிவிட வேண்டும் என்பது அந்தக் கிளப்காரர் கட்சி, என் கட்சியும் அதுவே. பேரன் ஒரு பெட்டியை மட்டும் தரமாட்டேன் என்கிறான். சுட மாட்டானாம், வைத்துக்கொள்வானாம். சரி, கராஜில் வைக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.