செவலைக்கு ஆபரேஷன் முடிஞ்சப்புறம்

ஜூன் 3
இன்னிக்கு எங்க மாடு செவலைக்கு வயித்த கிழிச்சாச்சு. பத்து நாளா அசை போடல, இடது பக்க வயித்த அமுக்குனா பிசைஞ்ச மாவு மாதிரி விரல் பள்ளம் அப்படியே நிக்குது. நிக்க வெச்சேதான் ஆபரேஷன், முதுகெலும்பு ஓரமா மரத்துப்போற ஊசி போட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல ஒரு சாணுக்கு மேல வெட்டுனாங்க. டாக்டர் தோள் வரைக்கும் கைய விட்டு இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு, கேரி பேக், சாம்பார் பார்சல் கவர், நைலான் கயிறு, ஒரு செருப்பு வார் கூட. ரெண்டு அன்னக்கூடை. 2019 ஜனவரில இருந்து தடைன்னு சொன்ன கவருங்க எல்லாம் இங்கதான் பத்திரமா இருந்திருக்கு. கறந்துட்டு புளியந்தோப்பு தெருவுல அவுத்து விட்டது நாங்கதான், யார குத்தம் சொல்ல.

குட்டியானைல ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்துட்டோம். நைனா "அவ்ளோதான், முடிஞ்சுது"ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஜூன் 5
தையல சுத்தி வீங்கியிருக்கு. தொட்டா உள்ள பொரி நொறுங்குற மாதிரி சத்தம், எனக்கு கை நடுங்கிடுச்சு. போன் பண்ணா டாக்டர் சிரிக்கிறாரு, வெட்டுனப்போ தோலுக்கடியில பூந்த காத்துதான், சுரம் இல்லாம இருந்தா தானா கரைஞ்சிடும்னு. தர்மாமீட்டர் வெச்சேன், 101.8. மாட்டுக்கு 102.5 வரைக்கும் சரியாம், நமக்கு அதான் காய்ச்சல்.

ஆனா தீனி தொடல. புண்ணாக்கு தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்குது.

ஜூன் 7
சுரம் 104.2. முதுக வில்லு மாதிரி வளைச்சுட்டு நிக்குது, படுக்க போவும்போது முனகுது. டாக்டர் நேர்ல வந்தாரு, ஸ்டெத் வெச்சு ரொம்ப நேரம் கேட்டாரு. அவருக்கு பயம் வெளிப்புண்ணு மேல இல்ல, தீனி தங்குற பெரிய இரைப்பையில இருந்த அழுக்கு ஒரு சொட்டு வெளிய வயித்துக் குழிக்குள்ள சிந்தியிருந்தாலும் அங்கயே சீழ் வெச்சிடும், அது உடம்பெல்லாம் பரவுனா மாடு தாங்காது. ஆனா ஒண்ணு சொன்னாரு, மாட்டுக்கு அந்த இடத்த சவ்வு கட்டி மூடிக்கற சக்தி ஜாஸ்தியாம். அந்த சவ்வே நாளைக்கு குடல ஒட்ட வெச்சாலும் வெக்குமாம். நல்லதா கெட்டதான்னே புரியல. ஆன்டிபயாடிக் மாத்தி குடுத்தாரு, வலிக்கும் ஒரு ஊசி.

பாலு ஒரு லிட்டர் கூட இல்ல, அதையும் சாக்கடையில ஊத்தணும். அம்மா சொம்ப கைல வெச்சுட்டு அப்படியே நின்னுச்சு. பக்கத்து வீட்டு அக்கா "காய்ச்சுனா மருந்து போயிடாதாம்மா"ன்னு கேக்குது, போவாதுக்கா, காய்ச்சுனாலும் பாலுல நிக்கும், அந்த பால கொழந்தைக்கு குடுப்பியான்னு கேட்டேன். கடைசி ஊசிக்கப்புறம் நாலு நாள் கழிச்சுதான் விக்கணும்னு டாக்டர் கணக்கு சொல்லியிருக்காரு. டீக்கடை அண்ணன் இதுக்குள்ள வேற ஆள் புடிச்சிருப்பாரு.

ஜூன் 9
சுரம் 102.6. ஆனா தையலோட கீழ்முனையில மஞ்சளா கசியுது, நாத்தம். டாக்டர் கீழ ரெண்டு தையல பிரிச்சு விட்டாரு, பொளக்குனு சீழ் வந்துச்சு. நான் இன்னும் ரெண்டு தையல் சேத்து போடுவாருன்னு நெனச்சேன், அடைச்சு வெச்சா உள்ளதான் போவும்னாரு. அயோடின் கலந்த தண்ணில கழுவி, ஈ மொய்க்காம சுத்தி வேப்பெண்ணெ தடவறோம். இந்த வெயில்ல ஒரு நாள் விட்டா புழு வெச்சிடும்.

ஜூன் 11
இன்னிக்குதான் ஆச்சரியமான நாள். இன்னொரு மாடு கருப்பி வயித்துல இருந்து குழாய் விட்டு அஞ்சு லிட்டர் மாதிரி பச்சத் தண்ணிய எடுத்து, துணில வடிகட்டி, சூடு ஆறறதுக்குள்ள செவலைக்கு ஏத்துனாரு டாக்டர். பட்டினியும் ஆன்டிபயாடிக்கும் சேந்து வயித்துல தீனிய செரிக்கவெக்கிற கிருமிங்கள கொன்னுடுச்சாம், அதான் கடன் வாங்கறோம்னாரு. நைனா அவரோட தாத்தா வேற மாட்டு வாயில இருந்து அசை போடுற உருண்டைய புடுங்கி ஊட்டுவாருன்னு சொன்னாரு, டாக்டர் அதுவும் இதே வித்தைதான்னு ஒத்துக்கிட்டாரு.

ராத்திரி பதினொண்ணு மணிக்கு செவலையோட இடது பக்க வயித்துக் குழில முஷ்டிய வெச்சு மொபைல்ல டைம் பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல ரெண்டு தடவை இரைப்பை உருண்டு வந்து கைய தள்ளுச்சு. ஆபரேஷனுக்கப்புறம் இதான் மொத தடவை.

ஜூன் 13
அசை போடுது!! அம்மா தெருவுக்கே சொல்லிட்டு வந்துச்சு.

ஜூன் 18
மேல் தையல் எல்லாம் பிரிச்சாச்சு. அந்த எடத்துல சதை பலம் கொஞ்சம் கம்மியாதான் இருக்கும், அடுத்த கன்னு போடும்போது புடைப்பு தெரிஞ்சா உடனே கூப்புடுன்னாரு. மாடு இனி தெருவுக்கு போவாம இருக்க வாசல்ல இரும்பு கேட் வெக்க வெல்டர் வந்து அளவு எடுத்துட்டு போனாரு, அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. கீழ இருக்கற ஓட்டை மட்டும் சுண்டுவிரல் போற அளவுக்கு பாக்கி. அயோடின் தீந்து போச்சு, காலைல வாங்கணும்.