அம்மாவை மதீனத் சாயித்துக்கு அழைத்துப் போனோம்

என் தங்கை இருப்பது மதீனத் சாயித். அபுதாபி நகரத்திலிருந்து தென்மேற்கே, அல் தஃப்ரா பகுதியில் இருக்கிற ஊர். துபாய் என்றதும் நம் நினைவுக்கு வருகிற கண்ணாடிக் கட்டடங்கள் எதுவும் அங்கே கிடையாது. தெரு முடிகிற இடத்தில் மணல் ஆரம்பித்துவிடும். இன்னும் தெற்கே போனால் லிவா. பேரீச்சைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கிற பாலைவனச் சோலை அது. அதற்கப்புறம் சவூதி எல்லையைத் தாண்டியும் ரப் அல் காலி என்கிற பெரும் பாலைவனம்தான்.

தங்கைக்கு இரண்டாவது பிள்ளை அங்கேயே பிறந்தது. பேத்திக்கு ஏழு மாதம் ஆகியும் அம்மா அவளை வீடியோ காலில்தான் பார்த்திருந்தார். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் அம்மாவால் தாங்க முடியாது என்பதால் ஜனவரியில் போவது என்று முடிவு செய்தோம். அம்மா, நான், என் மனைவி, ஆறு வயது மகன், நாலு பேர். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். புதுக்கோட்டையைத் தாண்டி அதிகம் போகாத ஒரு அம்மாவை முதல்முறையாக விமானத்தில் அழைத்துப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? இன்ஷியலும் ஒரு பெயரும்தான். அப்பா இருந்தபோது எடுத்து வைத்த அம்மாவின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்கிற கட்டம் காலியாக இருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் கெடுபிடி காட்டுகிறது. எனக்கு இது தெரியாது. டிக்கெட் போட்டுக் கொடுத்த உள்ளூர் டிராவல்ஸ்காரரும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். பணம் கட்டி டிக்கெட் எடுத்துவிட்டோம். எங்கள் மூவருக்கும் விசா வந்தது, அம்மாவின் விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. அன்று ராத்திரி போனில் தங்கை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டோம், அதற்குத் தனியாகப் பணம் போனது. பாஸ்போர்ட் இணையதளத்தில் 'ரீ-இஷ்யூ' என்பதைத் தேர்ந்தெடுத்து, விவரங்களில் மாற்றம் என்று காட்டி, 1500 ரூபாய் கட்டித் திருச்சி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் நேரம் வாங்கினேன். பழைய பாஸ்போர்ட், ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுபோனோம். சர்நேம் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடச் சொன்னேன். கவுன்ட்டரில் திரையைத் திருப்பி, எழுத்துகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் விரல் வைத்துக் காட்டினேன். "இது உங்க பேரு, இது அப்பா பேரு." அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாவே இருக்கா?" என்றார். அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த நல்ல நிமிஷம் அதுதான்.

அதே விண்ணப்பத்தில் இன்னொன்றையும் சரிசெய்தோம். அம்மா அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவர், பழைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருந்தது, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்கிற குறிப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது தேவையில்லை. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களை அது தடுக்காது என்றாலும், விமான நிலையத்தில் கூடுதலாக நாலு கேள்வி வரும். மாற்ற வாய்ப்பிருக்கும்போது மாற்றிவிடுவது நல்லது. போலீஸ் விசாரணை முடிந்து புது பாஸ்போர்ட் வந்ததும் மச்சான் அங்கிருந்து மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை விசா வந்துவிட்டது. டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

அடுத்து மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரை, அதோடு கால் எரிச்சலும் உண்டு. எரிச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரையில் ப்ரீகாபாலின் இருந்தது. நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற இந்த மருந்து அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளும் அப்படித்தான். டாக்டரிடம் போய் மருந்தின் மூலப்பெயரோடு சீட்டு எழுதி வாங்கி, அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டோம். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று தயவுசெய்து படியுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அம்மா குருமாப் பொடி அரைத்து வைத்திருந்தார். சோம்பு, பட்டை, கிராம்பு, பொட்டுக்கடலை எல்லாம் வறுத்து, வீடே மணத்தது. எனக்கு என்னவோ தோன்றி, "கசகசா போட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு கரண்டிதான் தம்பி. அதுவும் அரைச்சாச்சே."

கசகசா அந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிவிடும். ஒரு கரண்டி, அரைத்தது, தெரியாமல் செய்தது என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. சொன்னதும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பொடியை வீட்டு உபயோகத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, மிக்ஸி ஜாரை வெந்நீர் ஊற்றி இரண்டு தடவை கழுவி, முந்திரி சேர்த்துப் புதிதாக அரைத்தார். மளிகை வாங்கப் பயன்படுத்திய துணிப்பை ஒன்றைப் பெட்டியில் வைக்க இருந்தோம். அதையும் எடுத்துவிட்டேன், தையலில் ஒரு மணி ஒட்டியிருந்தால்கூட வம்புதானே.

திருச்சியில் 2024-இல் திறந்த புது முனையம், விசாலமாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். அதில் ஒரு தவறு செய்தேன். நாற்காலி தள்ளுகிற தம்பி அம்மாவைத் தனி வரிசையில் வேகமாக அழைத்துப் போய்விட்டார், அம்மாவின் விசா, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் என் ஃபைலில். குடியேற்ற அதிகாரி முன்னால் அம்மா வெறும் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் பொறுமையாக, "யாரைப் பார்க்கப் போறீங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் மகளை. பிள்ளை பெத்திருக்கா" என்றார் அம்மா. ஆவணங்களைக் காட்டியதும் முத்திரை குத்திவிட்டார். திரும்பும்போது அம்மாவின் காகிதங்களை அம்மாவின் கைப்பையிலேயே வைத்தோம்.

விமானத்தில் சொல்ல அதிகம் இல்லை. நாலு மணி நேரப் பயணம், மகன் தூங்கிவிட்டான், காது அடைத்தபோது அம்மாவுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்தேன். அபுதாபியில் கண்ணைப் பதிவு செய்கிற கேமரா முன் அம்மாவை நிறுத்தினார்கள். கண்ணாடியைக் கழற்றி, இமையை விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது முயற்சியில் பதிவாகிவிட்டது.

வெளியே மச்சான் காரோடு நின்றார். கடற்கரையை ஒட்டி மேற்கே போய், தரீஃப் பக்கம் தெற்கே திரும்பியதும் ஊர் வெளிச்சமெல்லாம் பின்னால் போய்விட்டது. ஒட்டகங்கள் குறுக்கே வராமலிருக்க ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பி வேலி. இன்னொன்று, குளிர். பாலைவனம்தானே என்று பருத்திச் சேலை மட்டும் எடுத்து வந்திருந்தார் அம்மா. ஜனவரி ராத்திரியில் அங்கே நன்றாகவே குளிரும். ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அம்மா மச்சானின் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டுதான் போய் இறங்கினார்.

பேத்தி முதலில் வரவில்லை. புது முகம் என்று வீறிட்டு அழுதாள். அம்மா வற்புறுத்தவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போனில் தினமும் கூப்பிடுகிற அதே குரலில் "என் தங்கம்மா" என்றார். குழந்தை அழுகையை நிறுத்தி, தங்கையின் தோளில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து அம்மாவின் வளையலைப் பிடித்தாள்.

மறுநாள் மதியம் அந்தப் பொடியைப் போட்டு அம்மா குருமா வைத்தார். தங்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னம்மா, கசகசா போடலையா?" என்று கேட்டாள்.