2018 மாடல் கணினியில் விண்டோஸ் 11: எதையும் அழிக்காமல் மாற்றிய முறை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் பலரும் விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா என்று சொல்லும் மைக்ரோசாஃப்டின் ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பார்த்து, "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்ற வரியைக் கண்டதும் நல்ல மெஷினைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. 2018, 2019 வாக்கில் அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் குறை மெஷினில் இல்லை. அன்றைக்கு விண்டோஸை எந்த முறையில் நிறுவினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இங்கே எழுதுவது அப்படி ஒரு கணினியை மாற்றிய அனுபவம்: ஐ3-8100 பிராசஸர், எச்310 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி, டி, இ, எஃப் என நான்கு டிரைவ். கணக்கு மென்பொருள், பிரிண்டர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள். பிராசஸர் இன்டெல்லில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சிஸ்டம் டைப் எக்ஸ்64 என்று இருக்க வேண்டும். 4 ஜிபி ராம் உள்ள கணினிகளில் 32 பிட் விண்டோஸைப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அதிலிருந்து 11க்கு நேராகப் போக வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மூன்றாவது, பயாஸ் மோட், அதாவது கணினி பூட் ஆகும் முறை. லெகசி பழையது, யூஈஎஃப்ஐ புதியது. விண்டோஸ் 11 கேட்பது யூஈஎஃப்ஐ. இங்கே "லெகசி" என்று இருந்தால்தான் கீழே சொல்லும் வேலை முழுதும் தேவைப்படும். "யூஈஎஃப்ஐ" என்று இருந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

பிராசஸர் பட்டியலுக்கு வெளியே இருந்தால், ரெஜிஸ்ட்ரியை மாற்றி 11ஐ ஏற்றும் வித்தைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. பிழைப்புக்கான கணினியில் நாங்கள் அதைச் செய்வதில்லை. தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அங்கே லினக்ஸ் மின்ட் நேர்மையான வழி. விண்டோஸ்தான் வேண்டுமென்றால், தனிநபர் கணினிகளுக்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது.

இனி டிஸ்க். லெகசி முறையில் நிறுவிய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும். யூஈஎஃப்ஐ முறையில் விண்டோஸ் பூட் ஆக ஜிபிடி என்ற புதிய வடிவம் வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, தரவு அழியாமல் மாற்றித் தரும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள்: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, பல டிரைவ்களை உள்ளே அடக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சி, டி, இ, எஃப் எனப் பிரித்த டிஸ்கில் கடைசி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்டெண்டடுக்குள் இருக்கும். "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்ட்" என்று கருவி நின்றுவிடுவதற்கு நாங்கள் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

இதற்கு எஃப் டிரைவை அழி, இ டிரைவை அழி என்று தரவை அங்குமிங்கும் நகர்த்த வேண்டாம். ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, சிஸ்டம் ரிசர்வ்ட், சி ஆகிய இரண்டு பார்ட்டிஷன்களை மட்டும் அதற்கு குளோன் செய்தால், அதாவது அச்சு அசலாக நகலெடுத்தால் போதும். எஸ்எஸ்டியில் எக்ஸ்டெண்டட் என்ற பேச்சே இருக்காது. விண்டோஸ் 11ஐ ஹார்ட் டிஸ்கில் ஓட்டுவது எப்படியும் வேதனை, ஆகவே இந்தச் செலவு வீண் இல்லை. கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்4 ராம் போட்டு 8 ஆக்கிவிடுங்கள்.

குளோன் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஹார்ட் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். பெண்டிங் செக்டார், அதாவது படிக்கத் தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் குளோன் பாதியில் நிற்க வாய்ப்பு அதிகம். சி டிரைவில் உள்ளது எஸ்எஸ்டியில் அடங்குமா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அப்கிரேடுக்கு மட்டும் 30 ஜிபியாவது காலியாக வேண்டும்.

குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்துப் பூட் செய்யுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. குளோன் மென்பொருள் டிஸ்கின் அடையாள எண்ணையும் சேர்த்து நகலெடுத்திருந்தால் இரண்டும் மோதும். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். எந்த டிஸ்கிலிருந்து பூட் ஆனது என்று தெரியாமல் தவறான டிஸ்கை மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலோஃபுல்ஓஎஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். வெற்றி என்று வந்தால், வேலிடேட் என்ற இடத்தில் கன்வர்ட் என்று மாற்றி மறுபடி தட்டுங்கள். சில நிமிடங்களில் முடியும். "ஓஎஸ் பார்ட்டிஷனைக் காணவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால், பூட் பட்டியலில் பழைய, செத்துப்போன பதிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூட் பட்டியலைத் திருத்தும் பிசிடிஎடிட் கட்டளையில் "அன்நோன்" என்று காட்டும் பதிவுகளை நீக்க வேண்டும். கடைசியில் விண்டோஸின் மீட்பு வசதிக்கான ரீஏஜென்ட் கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ரீஏஜென்ட்சி /டிஸேபிள், பிறகு /எனேபிள் கொடுத்தால் சரியாகிவிடும். லேப்டாப்பில் டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் இதற்கெல்லாம் முன்பே அதை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றக் கூடாது: முதலில் டிஸ்க், பிறகே பயாஸ். பயாஸை முதலில் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. டிஸ்கை மாற்றிவிட்டு பயாஸை மாற்றாமல் விட்டாலும் ஆகாது.

ரீஸ்டார்ட் ஆகும்போது டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், பழைய லெகசி பூட்டுக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்பதை டிஸேபிள் செய்யுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இங்கே கவனம். ஜிஃபோர்ஸ் 210 போன்ற பழைய கார்டுகளில் யூஈஎஃப்ஐக்கான பகுதி கிடையாது. சிஎஸ்எம்மை நிறுத்தியதும் திரை கறுத்துவிடும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ வாயிலில் மானிட்டரைச் செருகுங்கள், ஐ3-8100க்கு அதுவே போதும். அடுத்து இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி, அதாவது பிடிடி. இதை எனேபிள் செய்ததும் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0 வந்துவிடும், தனி சிப் வாங்க வேண்டியதில்லை. ஏஎம்டி போர்டுகளில் இதன் பெயர் எஃப்டிபிஎம். நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை எனேபிள் செய்த பிறகும் விண்டோஸில் "ஆஃப்" என்றே காட்டினால், பயாஸில் ஃபேக்டரி கீகளை நிறுவும் வரியைத் தேடி அழுத்த வேண்டும். சாட்டா மோட் என்ற வரியை மட்டும் தொடாதீர்கள். ஏஎச்சிஐ என்று இருந்ததை மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். பயாஸ் நேரம் அடிக்கடி பின்னுக்குப் போகிறது என்றால் சிஆர்2032 பேட்டரியை இப்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் செய்த அமைப்புகள் எல்லாம் ஒரு மின்தடையில் அழிந்து, கணினி பூட் ஆகாமல் நிற்கும்.

இப்போது ஹெல்த் செக் பச்சை காட்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸ் 10க்குள் இருந்தபடியே இரட்டைச் சொடுக்கில் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்து நிறுவினால் மென்பொருள் எதுவும் மிஞ்சாது.

ஐஎஸ்ஓவின் மொழியில் ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலம் என்றால் "இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்", பிரிட்டிஷ் ஆங்கிலம் என்றால் "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" கோப்பைத்தான் இறக்க வேண்டும். மாறிப்போனால் செட்டப் பிழை எதுவும் காட்டாது. "கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு" என்ற தேர்வு மட்டும் மங்கிக் கிடக்கும். அந்தத் தேர்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஸ்டால் அழுத்தாதீர்கள்.

சி1900101 என்று வரும் பிழை பெரும்பாலும் டிரைவர் தகராறு. வெப்கேம், பிரிண்டர், டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் பல நேரம் போய்விடும். போகாவிட்டால் மைக்ரோசாஃப்டின் செட்டப்டயக் கருவி எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லும்.

இப்படி மாற்றும்போது விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள பாமினி, வானவில் எழுத்துருக்கள் அங்கேயே இருக்கும். என்றாலும் முன்கூட்டியே ஒரு நகல் எடுங்கள். விண்டோஸ் 10இல் பின்னால் சேர்த்த எழுத்துருக்கள் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் உள்ள தனி ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும், அதையும் சேர்த்து எடுங்கள்.

ஆக்டிவேஷன் மதர்போர்டோடு கட்டுண்டது. விண்டோஸ் 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், எஸ்எஸ்டி மாற்றியதால் அது போகாது. எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும் கணினியை அணைத்துப் பழைய ஹார்ட் டிஸ்கை மீண்டும் செருகுங்கள். எம்பிஆர் டிஸ்காக இருந்தாலும் தரவுக்குத் தடை இல்லை. டி, இ, எஃப் எழுத்துகள் மாறியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழையபடி வைத்துவிடுங்கள், கணக்கு மென்பொருள் தன் தரவை அந்தப் பாதையில்தான் தேடும்.

பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம். அந்த 10 நாளுக்குள் டிஸ்ம் கட்டளையால் அதை 60 நாள் வரை நீட்டிக்கலாம். டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் நிறுவலை நீக்கிவிட்டால் அந்த வழி மூடிவிடும். பழைய டிஸ்கில் இருக்கும் சி பார்ட்டிஷனையும், ஒரு மாதக் கணக்கு முடிந்து பிரிண்டரில் பில் வந்த பிறகே அழியுங்கள்.